சாம்பல் புள்ளி

ஜெபக்கனியின் திரையில் அந்த வண்டி, கூப்பிட்டவனின் வீட்டு வாசலுக்கு எதிரில், ஒரு சாலையின் அகலம் தாண்டி நின்றுகொண்டிருந்தது. அதை அனுப்பத்தான் முடியவில்லை.

புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. பச்சையாக இருந்திருந்தால், விரலால் தொட்டு இழுத்து நோயாளியின் வீட்டு மேல் விட்டால் போதும். ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி தானாகக் கிளம்பிப் போய் நிற்கும். உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர் இறங்கி வேலையைப் பார்ப்பார். சாம்பல் புள்ளியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஈயைத் தொடுவது மாதிரி.

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை நண்பகல். நாகர்கோவில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் பேசியவன் பெயர் கென்னடி. கடற்கரை ஊர். அவன் மனைவி அனிற்றாவுக்கு வலி வந்த வேகத்தில் அடுக்களையிலேயே பிள்ளை பிறந்துவிட்டதாம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அழுகிறது என்றான். அந்த அழுகை ஜெபக்கனிக்கும் கேட்டது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்றான். விரித்த சேலை நனைந்து, அதற்கு மேல் விரித்த சேலையும் நனைந்துவிட்டதாம்.

"எக்கா, எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை வாசல்ல உங்க வண்டி ஒண்ணு நிக்கு. ஓடிப் போய்ப் பாத்தேன், உள்ள ஆளில்ல, கதவு பூட்டிக் கெடக்கு. அந்த ஆள்ட்ட சொல்லி விடுங்க, போதும்."

அவன் பதறவில்லை. எதிரிலேயே வண்டி நிற்கும்போது எதற்குப் பதற வேண்டும் என்ற தைரியம் அவன் குரலில் இருந்தது. ஜெபக்கனி சாம்பல் புள்ளியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

"வண்டி ஏற்பாடாகிட்டிருக்கு தம்பி. லைன்லயே இருங்க" என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

ஏற்பாடு செய்வது அவள் இல்லை, தரகர்.

தரகர் என்பது அந்த மென்பொருளுக்கு அலுவலகம் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாதகம் பார்ப்பது போல, நோயாளிக்கும் உதவியாளருக்கும் பொருத்தம் பார்த்துத்தான் அது வண்டியை விடும்.

காரணம் இரண்டு சட்டங்கள். பிறப்பு, சாதி, மதம், உடம்பு என்று எதைக் காரணம் காட்டியும் எந்த நோயாளியையும் அரசு ஊழியர் மறுக்கக் கூடாது என்றது ஒன்று. எந்த ஊழியரையும் அவர் மனதார நம்பும் மார்க்கத்துக்கு விரோதமான வேலையைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது மற்றொன்று. இரண்டும் நியாயம். இரண்டும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்று கோர்ட்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தரகர் வந்து சேர்ந்தார். எதிரெதிரே வரவே விடாமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. மறுக்கக்கூடியவர் இருக்கும் வண்டி அந்த நோயாளியிடம் போகாது. அப்படி ஓர் அழைப்பு வந்ததே அந்த உதவியாளருக்குத் தெரியாது. வண்டி ஏன் வரவில்லை என்பது நோயாளிக்கும் தெரியாது. தெரிவது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும். அதுவும் ஒரு நிறமாக மட்டும்.

எது நம்பிக்கை, எது வெறும் வெறுப்பு என்பதைப் பிரித்துச் சொல்ல அகமானி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நெற்றியில் பட்டை கட்டிப் படங்கள் காட்டுவார்கள். மனசு எதற்குச் சுருங்குகிறது, எங்கிருந்து சுருங்குகிறது என்று பட்டை படித்துவிடும். சாதி வெறுப்பென்றால் விளக்கு சிவப்பு, வேலை போயிற்று. சாமிக்குப் பயந்த சுருக்கம் என்றால் நீலம். அந்த விஷயத்தில் அவருக்குக் காப்பு; யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பட்டையை ஏமாற்ற முடியாது என்பதில் துறைக்கே ஒரு பெருமை.

அந்த நண்பகலில் தரகர் பார்த்த பொருத்தம் இதுதான். உதவியாளர்களில் நிஜாமுதீன் ஜும்மா தொழுகையில் இருந்தார். அவர் வண்டி சாம்பல். விக்டரின் சபையில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது பாவம், அனிற்றாவுக்கோ ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் வண்டியும் சாம்பல். சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் இருந்த இரண்டு பேருக்குப் பிரசவத் தீட்டு ஆகாது; சாம்பல், சாம்பல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. எல்லாம் சேர்ந்து அனிற்றாவைச் சுற்றி ஒரு கோட்டை மாதிரி நின்றது. பச்சையாக மின்னிய ஒரே புள்ளி, கேரள எல்லைப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து கிளம்பி, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது.

டீக்கடை வாசலில் நின்ற வண்டியின் உதவியாளர் தாணுலிங்கம். அந்த இரண்டு பேர் போக அவனும் மாலை போட்டவன்தான். மாலை போட்ட நாளிலிருந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் சாமி. பிற மாதங்களில் அடிக்கிற நக்கலுக்கெல்லாம் அந்த மாதம் விடுமுறை.

ஜெபக்கனி அவனை நன்றாக அறிவாள். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் பின்னால் குழாயடியில் குளித்துக்கொண்டிருப்பான். மத்தியானச் சரணம் சொல்லாமல் சாப்பிட மாட்டான். போனில் கூப்பிட்டால் எடுத்துவிடுவான்.

அப்படிக் கூப்பிடுவதற்குப் பெயர் காப்பு உடைத்தல். அழைப்பை ஒருவரிடமிருந்து தரகர் மறைத்து வைத்தால், அதை அவரிடம் சொல்வது கட்டாயப்படுத்துவதற்குச் சமம். வேலை போகும்.

அவள் கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தாள். குற்றாலநாதன் எழுந்து வந்து, அவளுடைய தோளுக்கு மேலாகத் திரையைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். புதிதாக ஒன்றைப் பார்ப்பவர் மாதிரி.

"சார், பதினாறாம் நம்பர் வண்டியத் திறந்து விடுங்க. எதுத்த வீடு."

"எதை வச்சுத் திறக்க?"

"உங்ககிட்ட ஏதாவது வழி இருக்கும்லா."

"இருந்துது" என்றார் அவர். "என் கையில ஒரு சாவி இருந்துது கனி. நீதான் பிடுங்கிக் குடுத்த."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். அது உண்மை.

ஜெபக்கனி சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபையில் பிறந்தவள். அந்த நாளில் அடுப்புகூடப் பற்றவைக்காத வீடு. பழைய சட்டம் இருந்த காலத்தில் ஊழியர் விரும்பினால் தன் காப்பை விட்டுக்கொடுக்கலாம். வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குற்றாலநாதன் ஒரு தாளை நீட்டுவார்; நாளைக்கு என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலைக்கு வருகிறேன் என்று இருக்கும். ஆள் பற்றாக்குறை, நான் என்ன செய்ய, கர்த்தர் மன்னிப்பார் என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து கொடுப்பார். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வருவாள். அம்மா செத்த சனிக்கிழமையும் அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள்.

சட்டத்தைத் திருத்தச் சென்னையிலிருந்து குழு வந்து விசாரித்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "விட்டுக்கொடுக்கலாம்னு ஒரு கதவு இருந்தா, அது வழியாத்தான் எங்களைப் பிடிச்சுத் தள்ளுவாங்க. அந்தக் கதவையே அடைச்சிருங்க" என்றாள். அந்தச் சாட்சியம் பத்திரிகைகளில் வந்தது. புதிய சட்டத்தில் கதவு அடைபட்டது: காப்பை ஊழியரேகூட விட்டுக்கொடுக்க முடியாது, மேலதிகாரி எவரும் நீக்க முடியாது. மாநிலம் முழுக்க ஆம்புலன்ஸ்காரர்கள் அதைக் கனி விதி என்றார்கள். அவள் சாட்சியத்தால் சனிக்கிழமைகளில் நிம்மதியாக ஜெபிக்க முடிந்தவர்கள், வெள்ளியன்று தொழ முடிந்தவர்கள், விரதத்தை முடிக்க முடிந்தவர்கள் எத்தனையோ பேர். அவளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு.

ஹெட்போனில் கென்னடியின் குரல் இப்போது மாறியிருந்தது. அனிற்றா கூப்பிட்டால் பதில் சொல்லவில்லையாம். கை ஐஸ் மாதிரி இருக்கிறதாம்.

ஜெபக்கனி மேசைக்கு அடியில் தன் சொந்த போனை எடுத்தாள். குற்றாலநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமி சரணம். சொல்லுங்க கனியக்கா" என்றான் தாணுலிங்கம். தலை துவட்டும் சத்தம் கேட்டது.

அவள் சொன்னாள். எதிர்வீடு, பிரசவம், ரத்தம்.

"எந்த வீடு?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். அடுத்த நிமிஷம் கென்னடியின் போனிலேயே அவன் குரல் கேட்டது. ஈர வேட்டியோடு ஓடி வந்து, கழுத்து மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தரையில் மண்டி போட்டு அனிற்றாவின் அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான் என்பதைப் பின்னால் கென்னடி சொல்லித்தான் அவள் அறிந்தாள். அப்போது கேட்டதெல்லாம் அவன் கேட்ட ஒரு விஷயம்தான். ரத்தத்தை நிறுத்தும் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் வண்டிக்குள் மருந்துப் பெட்டியில் இருக்கின்றன. பூட்டிக்கிடந்த வண்டிக் கதவும் அந்தப் பெட்டியும் தரகர் தரும் அழைப்பு எண்ணுக்குத்தான் திறக்கும். எண்ணைக் கொடுங்கள்.

எண் இருந்தது. கொல்லங்கோட்டு வண்டிக்குப் போய்விட்டது. ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஒரு வண்டி.

"இல்ல சாமி, அது உன் வண்டிக்கு வராது."

"ஏன் வராது? நான் இங்கதான நிக்கேன். கை வச்சுட்டேன்லா. தீட்டுன்னா அது ஆயாச்சு. என் காப்பு எனக்கு வேண்டாம்னு சொல்லுகேன். விட்டுக்குடுக்கேன், எழுதித் தாரேன். என்ன வேணா எழுதிக்கிடுங்க."

அவன் கேட்டது, ஜெபக்கனியே சாட்சி சொல்லி அடைத்த கதவு.

அழுத்துகிற கையைக் கென்னடியிடம் ஒப்படைத்துவிட்டு தாணுலிங்கம் வண்டிக்கு ஓடினான். கல்லை எடுத்துப் பின் கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறினான். பெட்டியை உடைக்கப் பார்த்தான். மருந்து திருடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த பெட்டி அது, கல்தான் உடைந்தது. ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஒரு பெண் குரலில் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல், அவன் துண்டிக்காமல் இடுப்பில் செருகியிருந்த போன் வழியாக ஜெபக்கனிக்குக் கேட்டது.

"உங்கள் மனச்சாட்சி பாதுகாக்கப்பட்டுள்ளது."

மீன் வண்டி ஒன்றை மறித்து ஏற்றப் பார்த்தார்கள். தூக்கும்போதே ரத்தம் மறுபடி பெருகியது. தாணுலிங்கம் இறக்கச் சொல்லிவிட்டான். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். அசைக்காமல் வைத்திருந்தால் பச்சை வண்டி வரும்வரை தாக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டான்.

பச்சைப் புள்ளி தக்கலையைத் தாண்டியது. சுங்கான்கடையைத் தாண்டியது. ஜெபக்கனி அதைக் கண்ணாலேயே இழுத்துக்கொண்டிருந்தாள். அது அந்த வீட்டின் மேல் வந்து நின்று, திரை வழக்கம்போல் நன்றி என்று காட்டியபோது, ஹெட்போனில் யாரும் பேசவில்லை. பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

*

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் உதயபானு. பாரபட்சத் தடுப்பு ஆணையத்தின் உறுப்பினர். நல்ல பெண்மணி. கென்னடிக்கு நாற்காலி போடச் சொன்னார்; பிள்ளைக்கு ஃபேன் காற்று அடிக்கிறதே என்று தள்ளிப் போடச் சொன்னார். கென்னடி பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, பிறகு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அவனுக்கு நஷ்டஈடு பற்றி எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தான்.

"யாரு வரமாட்டேன்னு சொன்னது?"

உதயபானு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். நிஜாமுதீன் மறுக்கவில்லை; அவரிடம் கேட்கப்படவேயில்லை. விக்டரும் மறுக்கவில்லை. மாலை போட்ட மற்ற இருவரும் மறுக்கவில்லை. தாணுலிங்கமோ ஓடியே வந்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையும் அழைப்பு வந்த நொடியிலேயே அதைப் பதிவு செய்து, பொருத்தமான வண்டியை அனுப்பியிருக்கிறது.

"அப்பம் யாருமே மறுக்கல்லியா?"

"இல்லை."

"எல்லாரும் வந்திருப்பாங்களா?"

உதயபானு கோப்பைப் புரட்டினார். கேட்காத கேள்விக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எந்தப் பட்டையும் படிக்காது.

"இரண்டு சட்டங்களில் எதுவும் மீறப்படவில்லை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது என்பது தெரிந்தது. மீறல் இருந்தால்தான் ஆணையத்துக்கு அதிகாரம். ஒரு பெயர் இருந்தால்தான் வழக்கு.

கென்னடி தலையாட்டினான். ஒரு பெயரைக் கேட்டு வாங்கிப் போய் ராத்திரி படுக்கும்போது அதைத் திட்டிக்கொண்டாவது தூங்கலாம் என்று வந்திருப்பான் போல. அதுவும் கிடைக்காமல் எழுந்தான்.

ஜெபக்கனிக்குத் தண்டனையும் இல்லை. காப்பு உடைத்தல் என்பது, காப்பு உள்ளவர் புகார் கொடுத்தால்தான் குற்றம். உதயபானு தாணுலிங்கத்திடம் முறைப்படி கேட்டார்: அந்தப் போன் அழைப்பால் உங்கள் மனச்சாட்சி புண்பட்டதா?

"புண்பட்டுது" என்றான் அவன். "ஆனா நீங்க கேக்கது வேற."

புகார் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே ஜூஸ் கடை நிழலில் இருவரும் நின்றார்கள். தாணுலிங்கத்தின் கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. கழற்றவில்லையா என்று அவள் கேட்டாள். தீட்டு ஆயிற்றே என்று குருசாமியிடம் போய் விழுந்தானாம். அவர் இவனைத் தூக்கி உட்காரவைத்து, "அந்த எடத்துல நானா இருந்தாலும் போயிருப்பேன்லே. நீ போகாம இருந்திருந்தாத்தான் மாலையைக் கழட்டச் சொல்லியிருப்பேன்" என்றாராம். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, விரதத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.

"அப்பம் உனக்கு நீலம் எப்படி வந்துது?" என்றாள் ஜெபக்கனி. "சாமிக்கே ஆட்சேபம் இல்லாத எடத்துல உன் மனசு ஏன் சுருங்கிச்சு?"

தாணுலிங்கம் கையிலிருந்த எலுமிச்சை ஜூஸைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, என் வீட்டுக்காரி தேவகி எப்படிப் போனான்னு உங்களுக்குத் தெரியும்லா."

அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தலைப்பிரசவம். அவன் வேறொரு நோயாளியோடு வண்டியில் திருவனந்தபுரம் போயிருந்தான். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

"அடுத்த கார்த்திகையிலதான் மொத மொதல்ல மாலை போட்டேன். போட்ட கையோட அகமானிக்குக் கூப்பிட்டாங்க. நெத்தியில பட்டையக் கட்டி பிரசவப் படம் காட்டுனாங்க. நான் அங்கயே வாந்தி எடுத்தேன். கழுத்துல மாலை கெடக்கு. நீலம்னு சொல்லிட்டாங்க."

"சாமி பயம் இல்லைன்னு நீ சொல்லலியா?"

"என்னன்னு சொல்லட்டும்? எனக்குப் பயமா இருக்கு, ரத்தத்தப் பாத்தா அவ மூஞ்சி வருதுன்னா, மனநோய்னு எழுதி வேலையவிட்டு அனுப்பியிருப்பாங்க. சாமி பேர்ல இருந்தா யாரும் மேற்கொண்டு கேக்கமாட்டாங்க. மெஷினுக்கும் வித்தியாசம் தெரியல்ல. வருசத்துல மாலைக் காலம் மட்டுந்தான, இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

அவன் ஜூஸை அப்படியே கடைத் திண்டில் வைத்தான்.

"அன்னைக்கு அழுத்திப் பிடிச்சிருக்கச்சில ஒரு பயமும் வரல்ல, கேட்டியளா. கை நடுங்கவே இல்ல. ஊசி மட்டும் இருந்திருந்தா..."

மீதியைச் சொல்லாமல் வண்டியைப் பார்த்து நடந்தான். பின் கண்ணாடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

*

மரணம் நடந்த அழைப்பில் இருந்தவர்களுக்கு மறுபடி ஒருமுறை அகமானி வைப்பது வழக்கம். ஜெபக்கனிக்கு அதில் கவலை இல்லை. அவளுக்கு எப்போதும் சனிக்கிழமை ஒன்றுதான் நீலம். மற்ற எல்லாப் படங்களுக்கும் அவள் மனசு அதுபாட்டுக்குக் கிடக்கும்.

பட்டை கட்டிய பையன் கலகலப்பானவன். கனி விதியின் கனியக்காவுக்கே பட்டை கட்டுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன் என்றான். படங்கள் ஓடின. கோயில், மசூதி, பன்றிக்கறி, பிணம், பிரசவம், இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்பது. விளக்கு எரியவில்லை.

கடைசியில் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு படம் வந்தது. ஒரு வரைபடம். அதில் ஒரு வீடு, எதிரில் ஒரு சாம்பல் புள்ளி.

அவளுக்குத் தெரியாமலே அவளுடைய கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது. ஒரு மனுஷி சாகும்போது அதை நிறமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாவம் என்று, சனிக்கிழமை அடுப்பைப் பார்க்கும்போது வருகிற அதே இடத்திலிருந்து, அதே உறுதியோடு மனசு சொன்னது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் நம்பியதில்லை.

விளக்கு நீலமாக எரிந்தது. இதுவரை அவன் பார்த்ததிலேயே இதுதான் அழுத்தமான நீலம் என்றான் பையன்.

அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. தன் மனச்சாட்சி சொல்வதை இயந்திரமே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி இதை யாராவது மேலிடத்தில் பார்ப்பார்கள். நம்பிக்கை என்று முத்திரை விழுந்துவிட்டதே, சட்டம் இதை மதித்துத்தானே ஆக வேண்டும்.

சட்டம் மதித்தது.

மறுநாள் காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் திறந்தபோது வரைபடம் பளிச்சென்று இருந்தது. துடைத்துவிட்ட மாதிரி. பச்சைப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னின. சாம்பல் புள்ளி ஒன்றுகூட இல்லை. மூலையில் ஒரு வரி மட்டும் இருந்தது: உங்கள் நம்பிக்கைக்கு விரோதமான காட்சிகள் மறைக்கப்பட்டுள்ளன.

அவள் எழுந்து பட்டைக்காரப் பையனிடம் போனாள். இந்தக் காப்பு எனக்கு வேண்டாம், எடுத்துவிடு, விட்டுக்கொடுக்கிறேன் என்றாள். அவன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"முடியாதேக்கா" என்றான். "உங்க விதிதான."

திரும்பி வரும் வழியில் குற்றாலநாதனின் மேசை. அவருடைய திரையை அவள் எட்டிப் பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை. சாம்பல் இல்லை.

"சார், உங்களுக்கும்..."

"ரொம்ப நாளாச்சு கனி" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "அன்னைக்கு உன் திரையிலதான் நான் கடைசியாப் பாத்தது."

அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். வரிசையாகத் தலைகள், வரிசையாகத் திரைகள். யாருடைய திரையில் இன்னும் சாம்பல் மிச்சம் இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. கேட்கவும் கூடாது. கேட்டால் அதுவும் கட்டாயப்படுத்துவது.

அவள் உட்கார்ந்தாள். போன் அடித்தது.

ஒரு கிழவரின் குரல். தோவாளைப் பக்கம். மகனுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுகிறது, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். அவள் விலாசத்தைப் பதித்தாள். வீடு திரையில் வந்தது. சுற்றிலும் காலிச் சாலை. ஒரே ஒரு பச்சைப் புள்ளி, வெகு தூரத்தில், கடற்கரைப் பக்கத்திலிருந்து நகர ஆரம்பித்தது.

"ஐயா, உங்க வீட்டுப் பக்கத்துல வண்டி எதுவும் நிக்கா?" என்றாள் அவள், அவசரமாக. "சுத்திப் பாத்துச் சொல்லுங்க. வண்டியில ஒரு நம்பர் இருக்கும்."

"நிக்கே, தாயி" என்றார் கிழவர், சந்தோஷமாக. "எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல..."

ஹெட்போனில் சத்தம் நின்றது. கிழவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். திரையில் அவருடைய குரலின் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த வரி, மரியாதையாக, ஒருமுறை மின்னியது.

பிறகு சத்தம் திரும்பி வந்தது.

"...சொல்லி விடுங்க, போதும்."